சிலோன் கோசும் கரிசல் அதலைக்காயும்

கல்யாணமான நான்காம் நாள் காலையில் என் கணவர் கட்டிலுக்கடியிலிருந்து தம் தகரப் பெட்டியை இழுத்துப் பூட்டைத் திறந்தார். வாசல் தெளித்துவிட்டு உள்ளே வந்த நான் வாளியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். கடல் தாண்டி வந்த பெட்டியில் புதுப் பெண்டாட்டிக்கு ஏதாவது இருக்கும் என்று நினைத்தது தப்பா?

நான்கு தகர டப்பாக்களை எடுத்து வைத்தார். மூடியைச் சுற்றி மெழுகு பூசியிருந்தது. ஒன்றைக் கத்தியால் நெம்பித் திறந்து என் உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டினார். கடுகு போல உருண்டை உருண்டையாக இருந்தது.

"கோவா விதை," என்றார்.

நுவரெலியாவில் முட்டைக்கோசுக்கு அதுதான் பெயராம். இரண்டாவது டப்பாவில் காரட், மூன்றாவதில் பீட்ரூட், நான்காவதில் லீக்ஸ் என்று வெங்காயத்தாளுக்கு ஒன்றுவிட்ட சொந்தம் போல ஏதோ ஒன்று. நான்கையும் ஜன்னல் மாடத்தில் வரிசையாக அடுக்கிவிட்டுப் பெட்டியை மறுபடி பூட்டினார்.

பூட்டுவதற்குள் நான் பார்த்துவிட்டேன். உள்ளே ஒரு கம்பளிச் சட்டை, இரண்டு கால்சட்டை, மஞ்சள் உறையில் ஒரு காகிதம். எதையும் அவர் வெளியே எடுக்கவில்லை. எங்கள் வீட்டுக் கொடியில் தொங்கியதெல்லாம் கல்யாணத்துக்கு அப்பா எடுத்துக் கொடுத்த வேட்டிகள்தான்.

"துணியெல்லாம் எடுத்து மடிச்சு வைக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும் புள்ள. ஒரு வருசந்தானே," என்று பெட்டியைக் காலால் உள்ளே தள்ளினார்.

அன்றிலிருந்து தினமும் வீடு பெருக்கும்போது அந்தப் பெட்டியை விளக்குமாற்றால் ஒரு இடி இடிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

மஞ்சள் உறை

போன வாரம் கல்யாணப் பந்தியைப் பற்றி எழுதியதில் மாப்பிள்ளைக்கு எந்த ஊர் என்று சொல்ல விட்டுவிட்டேன். இரண்டு வாசகிகள் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அவர் என் அத்தை மகன். அப்பாவின் தங்கை கல்யாணமான கையோடு புருஷனுடன் சிலோனுக்குப் போனவள். தேயிலைத் தோட்டத்தில் சில காலம் வேலை பார்த்து, பிறகு நுவரெலியா மலையில் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துக் காய்கறி போட்டார்கள். இவர் பிறந்தது, வளர்ந்தது, மண்வெட்டி பிடித்தது எல்லாம் அங்கேதான்.

சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அந்தத் தீவில் பிறந்த நம்மவர்களைப் பார்த்து ‘நீ எந்த ஊர்க்காரன்?’ என்று கேட்கிற சட்டம் வந்திருந்த சமயம். இவர் இங்கே வரும்போது, திரும்பிப் போய் நுழைவதற்கு ஒரு அனுமதிக் காகிதம் வாங்கி வந்திருந்தார். மஞ்சள் உறையில் இருந்தது அதுதான். அதற்கு ஒரு வருடம் கெடு. அதைத் தாண்டினால் அந்தக் கதவு சாத்தியது சாத்தியதுதான்.

சங்கரன்கோவிலிலிருந்து மேலநீலிதநல்லூர் போகிற சாலையில் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரிக் கரிசலும், அதை ஒட்டி ஒரு கிணற்றுத் தோட்டமும் இருந்தன. "இங்கனயே இருந்து தோட்டத்தப் பாருங்க, மாப்ள," என்றார் அப்பா. இவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"வீட்டோட மாப்பிள்ளையா ஒக்காந்து சாப்பிட என்னால முடியாது, மாமா. நான் வெள்ளாமக்காரன். ஒரு வெள்ளாம எங்கையால வெளஞ்சு சந்தைக்குப் போகட்டும். போச்சுன்னா இருக்கேன். இல்லன்னா கெடுவுக்குள்ள கோமதியக் கூட்டிட்டுக் கப்பலேறிருவேன்."

அப்பா சரி என்று சொல்லிவிட்டார். அத்தையும் கடிதத்தில் சரி என்று எழுதிவிட்டாள். கோமதி என்னும் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் கோமதி என்று கூப்பிட்டால் கோவில் தெருவில் பத்துப் பேர் திரும்புவார்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருத்தியிடமாவது கேட்டிருக்கலாம்.

எனக்குப் போக இஷ்டமில்லை. கடலுக்குப் பயந்து அல்ல. அம்மா போன நாளிலிருந்து அந்தத் தோட்டம் என் கையில் இருந்தது. அப்பா கமலை ஓட்டித் தண்ணீர் இறைத்துவிடுவார். எந்தப் பாத்திக்கு எவ்வளவு தண்ணீர், எந்தக் கத்தரிக்கு என்றைக்குக் களையெடுப்பு என்பதெல்லாம் நான் சொல்வதுதான். எங்கள் கத்தரிக்காய் சங்கரன்கோவில் சந்தையில் இறங்கினால் பெயர் சொல்லிக் கேட்பார்கள். அந்த மலையில் போய் நின்றால் நான் ஒன்றும் தெரியாதவள். இருபது வயதில் எனக்கு இருந்த சொத்து இந்த மண்ணைத் தெரியும் என்பது ஒன்றுதான். அதைக் கப்பலில் ஏற்ற முடியாது.

புளிக்காத தக்காளி

சாப்பிட உட்கார்ந்தால் அவர் ஊர்க் காய்களின் புராணம் ஆரம்பித்துவிடும். "அங்க காரட்ட மண்ணுலேருந்து புடுங்கி, துணியில தொடச்சு அப்படியே கடிக்கலாம். சீனி மாதிரி இருக்கும்." "கோவா ஒண்ண ஒரு ஆளு ரெண்டு கையாலதான் தூக்கணும்." "தக்காளி ஒண்ணு ஒரு கை நெறைய இருக்கும்."

எங்கள் நாட்டுத் தக்காளி நெல்லிக்காயை விடக் கொஞ்சம் பெரிசு. நாலைப் பிசைந்து விட்டால் ஒரு சட்டி ரசத்துக்குப் புளி வேண்டாம். நான் சும்மா இருப்பேனா?

"கை நெறைய இருக்கட்டும். புளிக்குமா?"

"அவ்வளவாப் புளிக்காது."

"பெறவு எதுக்கு அதுக்குத் தக்காளின்னு பேரு?"

அப்பா சோற்றை வாயில் வைத்துக்கொண்டே சிரிப்பார். அப்பாவும் இளவயதில் ரங்கூனில் ஒரு அரிசி ஆலையில் இரண்டு வருடம் மூட்டை தூக்கியவர். அங்கே கத்தரிக்காய் முழங்கை நீளம் இருக்குமாம். வாங்கி வந்து குழம்பு வைத்தால் குழம்பும் காயும் ஒன்றோடொன்று பேசாமல் தனித்தனியாகக் கிடக்குமாம். ஊரிலிருந்து கொண்டுபோன மிதுக்கங்காய் வற்றலைப் பொரித்துக் கடித்துக்கொண்டுதான் அந்தச் சோற்றை இறக்கினாராம். வற்றல் தீர்ந்துபோன மாதம் காய்ச்சலில் படுத்தேன் என்பார். காய்ச்சலுக்கும் வற்றலுக்கும் என்ன சம்பந்தம் என்று அவரிடம் கேட்க யாருக்கும் துணிவில்லை.

நாடு விட்டு நாடு போகவேண்டாம், தென்காசிக்குப் போனாலே காய் வேறு, நாக்கு வேறு. என் சித்தி அங்கே வாழ்க்கைப்பட்டவள். ஆற்றுப் பாசனம், சாரல் காற்று. எங்கள் சீனியவரைக்காயை, அதாவது கொத்தவரங்காயைப் பார்த்து, "நாரா இருக்கே, மாட்டுக்குப் போடவா?" என்று கேட்பார்கள் அவள் வீட்டார். அவர்கள் புடலங்காயைப் பார்த்து நாங்கள் என்ன சொல்வோம் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

ஆனால் என் வாய்த்துடுக்கில் ஒரு சிக்கல் இருந்தது. சந்தைக்குக் காய் கொண்டுபோகும் முப்பிடாதி அக்காதான் அதை எனக்குப் புரியவைத்தாள். கூடையை இறக்கிவைத்து வெற்றிலை போட்டுக்கொண்டே சொன்னாள்.

"ஏட்டி கோமதி, சிலோன்காரரு கோசு இங்கன வெளையாது வெளையாதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதியே. வெளையலன்னா ஒன்னத்தானே கப்பல்ல ஏத்துவாரு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் ஜெயித்தால் என் பேச்சு தோற்கும். அவர் தோற்றால் நானே போக வேண்டும்.

தோண்டி எறிந்த கிழங்கு

ஆடித்தபசுத் திருவிழா முடிந்ததும் அவர் வேலையில் இறங்கினார். குறை சொல்லக் கூடாது, அப்படி ஒரு வேலைக்காரரை எங்கள் பக்கத்தில் பார்த்ததில்லை. முழங்கால் ஆழம் மண்ணைப் புரட்டினார். மேட்டுப் பாத்தி கட்டினார். மலையில் மழைநீர் வழிய வெட்டுகிற மாதிரி ஒவ்வொரு பாத்திக்கும் ஓரத்தில் வடிகால். மக்கின குப்பையைச் சல்லடையில் சலித்துப் போட்டார். நாற்றுக்குப் பனையோலைப் பந்தல். ஊர்க்காரர்கள் வரப்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

புரட்டாசி பிறந்த சமயம். நான் கஞ்சிக் கலயத்துடன் போனபோது தோட்டத்தை ஒட்டிய தரிசு மூலையையும் அவர் புரட்டிப்போட்டிருந்தார். வரப்பில் ஒரு குவியல். கிட்டே போய்ப் பார்த்தேன்.

அத்தனையும் அதலைக் கிழங்கு.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அதலைக்காய் பாகற்காய்க்குத் தங்கச்சி. கட்டைவிரல் நீளம்கூட இராது, இரண்டு முனையும் கூராக, மேலே வரிவரியாக இருக்கும். கசப்பு உண்டு, ஆனால் நாக்கில் தங்கிச் சண்டை போடாது. அதை யாரும் விதைப்பதில்லை, தண்ணீர் பாய்ச்சுவதில்லை. கிழங்கு கரிசலுக்கடியில் கோடை முழுக்கத் தூங்கும். ஐப்பசி மழை விழுந்தால் தானே எழுந்து தரையில் படரும். கார்த்திகை, மார்கழி இரண்டு மாதம் காய்க்கும். காம்பையும் வாலையும் கிள்ளிவிட்டு, சின்ன வெங்காயம் போட்டு எண்ணெயில் சுருளச் சுருள வதக்கித் தேங்காய்ப்பூ தூவினால், அன்றைக்கு அப்பாவுக்குச் சோறு வடித்து மாளாது. கரிசலைத் தாண்டினால் அது கிடையாது. தென்காசிக்காரர்களுக்கே தெரியாது.

"என்ன காரியம் செஞ்சு வச்சிருக்கீங்க?" என்றேன்.

"களக்கெழங்கு புள்ள. வேரோட எடுத்துட்டேன், இனி வராது," என்று பெருமையாகச் சொன்னார்.

"களையா? நீங்க நாலு டப்பாவுல மெழுகு பூசிக் கொண்டாந்தீங்களே, அதத்தான் இங்கன யாரும் கூப்பிடல. இது எங்க பாட்டன் முப்பாட்டன் காலத்துலேருந்து இங்கனதான் கெடக்கு. யாரு களை?"

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கடகப்பெட்டியில் கிழங்கையெல்லாம் அள்ளினேன். காரட்டுக்கென்று அவர் மாவு மாதிரி இழைத்து வைத்திருந்த பாத்திகளில் நல்ல பாத்தியாக ஒன்றைப் பார்த்தேன். உட்கார்ந்து, ஒரு சாண் இடைவெளியில் அத்தனை கிழங்கையும் அவர் கண்ணெதிரே புதைத்தேன்.

"காட்டுச் செடிக்கு எதுக்குப் பாத்தி?" என்று மட்டும் கேட்டார்.

"ஒங்க கோசுக்கு எதுக்குப் பந்தல்? அதுக்குத்தான்," என்று சொல்லிவிட்டுக் கலயத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். வீம்புதான். வேறு ஒன்றும் இல்லை.

மூடாத கோசு

ஐப்பசியில் நல்ல மழை. கோசு நாற்றுகள் கிடுகிடுவென்று இலை விட்டன. ஊரே வந்து பார்த்தது. இலை ஒவ்வொன்றும் முறம் அகலம்.

ஆனால் கோசு என்பது இலைகள் ஒன்றையொன்று போர்த்திக்கொண்டு உருண்டையாக மூட வேண்டிய செடி. அது மூடவே இல்லை. கார்த்திகை போனது. இலைகள் வானத்தைப் பார்த்து விரித்தது விரித்தபடி நின்றன.

"என்ன மாப்ள, கடைய எப்பச் சாத்துவாக?" என்று அப்பா விசாரித்தார்.

"மூடும் மாமா. ராத்திரி குளிரணும். அங்க மூக்கு நுனி வெறைக்கிற குளிரு இருக்கும். அந்தக் குளிருக்குத்தான் இலை உள்ள சுருளும்."

எங்கள் மார்கழியில் அதிகாலையில் ஒரு துண்டு போர்த்தினால் போதும். எட்டு மணிக்கு அதையும் உதறிவிடலாம். அந்தக் குளிரை நம்பிக் கோசு எப்படி மூடும்?

இப்போது ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊரெல்லாம் கேலி பேசிய நான், மத்தியானம் அவர் சாப்பிட்டுக் கண்ணயர்கிற நேரம், தோட்டத்துக்குப் போவேன். ஒரு சாக்கைக் கிணற்றுத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, நான்கு குச்சி நட்டு, கிணற்றடி வேம்பின் நிழலில் நின்ற ஒரு கோசுக்கு மேல் கூடாரம் மாதிரி போர்த்துவேன். வெயில் தாழ்ந்ததும் எடுத்து ஒளித்துவிடுவேன். மூடித் தொலை, மூடித் தொலை என்று அதனிடம் கெஞ்சியிருக்கிறேன். அந்தக் கோசு மூடினால் நான் இந்த ஊரில் இருக்கலாம் அல்லவா?

அது ஒன்றுதான் மூடியது. நல்ல ஆரஞ்சுப்பழ அளவு.

பீட்ரூட் வாலாகவே நின்றுவிட்டது. லீக்ஸ் முதல் வெயிலிலேயே போய்ச் சேர்ந்தது. காரட்டைப் பிடுங்கினார். மேலே இழைத்த மண்ணைத் தாண்டி அடிக்கரிசலை முட்டியதும் வேர் இரண்டாக, மூன்றாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் வேட்டி கட்டாத மனுஷன் போல வந்தது. முப்பிடாதி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனாள்.

அந்தக் காரட்டில் ஒன்றை நான் யாருக்கும் தெரியாமல் கழுவிக் கடித்தேன். இனிப்பு. அவர் சொன்னது பொய்யில்லை. இதை இத்தனை வருடத்தில் அவரிடம் நான் சொன்னதில்லை. இந்த வாரப் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

அன்று சாயங்காலம் அவர் பாத்தி நடுவில் குந்தி உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து வந்து, அப்பாவிடம், "தை கடைசியில கெடு, மாமா. கப்பலுக்குச் சொல்லிரணும்," என்றார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் உள்ளே அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். அவர் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

கசப்பு இறங்கிய நாள்

அந்த ராச்சாப்பாட்டுக்கு அதலைக்காய் வதக்கியிருந்தேன். முதல் தடவை கார்த்திகையில் வைத்தபோது அவர் ஒன்றைக் கடித்துவிட்டு மீதியை ஓரமாக ஒதுக்கியவர். அன்று யோசனையில் பிசைந்து சாப்பிட்டுவிட்டார். பிறகு தட்டை நீட்டினார்.

"இன்னும் இருக்கா?"

இருந்ததை எல்லாம் போட்டேன். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவாமல் யோசித்தார்.

"இது அந்தப் பாத்தியிலதா?"

"ஆமா. நான் பொதச்ச பாத்தி."

மறுநாள் காலையில் அந்தப் பாத்தி முன்னால் வெகுநேரம் நின்றார். கோசுக்கு அவர் வெட்டிய வடிகால், அவர் சலித்த குப்பை, அதில் என் கிழங்கு. காட்டில் முழ நீளம் படருகிற கொடி பாத்தியை நிறைத்து வரப்பைத் தாண்டி அடுத்த பாத்திக்கும் போயிருந்தது. இலையைத் தூக்கினால் காய். இன்னொரு இலையைத் தூக்கினால் அங்கேயும் காய். அவ்வளவு அதலைக்காயை ஒரே இடத்தில் நானே பார்த்ததில்லை. செடியைத் தெரிந்தவருக்கு எந்த நாட்டுச் செடியானாலும் கண் நிற்கும். அவர் ஒரு கொடியைத் தூக்கிக் கிழங்கைத் தொட்டுப் பார்த்தார்.

"இத தென்காசிக்கு அனுப்புனா என்ன?"

அப்பாவும் முப்பிடாதி அக்காவும் நானும் சேர்ந்து சிரித்தோம். பறித்த அதலைக்காய் மறுநாள் தாங்காது. வாய் பிளந்து வெடித்துவிடும். அதனால்தான் அது சங்கரன்கோவில் சந்தையைத் தாண்டியதில்லை.

"நுவரெலியாவிலேருந்து கொழும்புக்குக் கீரையே வாடாமப் போகுது. எனக்குக் கட்டத் தெரியும்," என்றார்.

முப்பிடாதி அக்காவின் மகளைத் தென்காசியில்தான் கட்டிக்கொடுத்திருந்தது. அக்கா கூடையோடு மத்தியான ரயிலில் போவதாக ஏற்பாடு. எனக்குச் சந்தையில் வேலை இருந்ததால் முன்னாலேயே போய்விட்டேன். கூடையைக் கட்டியது அவர். மலைநாட்டு வழக்கப்படி, காய் வாடாமலிருக்க, அடுக்குக்கு அடுக்கு தண்ணீர் தெளித்து ஈர இலை பரப்பிக் கட்டியிருக்கிறார்.

நான் சங்கரன்கோவில் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தபோது, பிளாட்பாரத்தில் அவரையும் கூடையையும் சுற்றிக் கூட்டம். உள்ளேயிருந்து சட்சட்டென்று சத்தம்.

"ஏ, பாம்பு கீம்பு இருக்கப் போவுது!" என்று ஒருவர் விலகினார்.

நான் ஓடிப்போய்க் கட்டை அவிழ்த்தேன். காயெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு, விதை தெரியக் கிடந்தது.

"தண்ணி தெளிச்சீங்களா?"

"ஆமா. வாடக்கூடாதுல்ல?"

அதலைக்காய்மேல் தண்ணீர் பட்டால் வெடிக்கும் என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். நாங்கள் கழுவினாலே அடுப்பு எரிந்து சட்டி காய்ந்த பிறகுதான் கழுவுவோம். எல்லோருக்கும் தெரிந்ததை ஒருவருக்குச் சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. முப்பிடாதி அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். ஸ்டேஷனே சிரித்தது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் அவமானத்தில் கறுத்துப்போய் நின்றார்.

எனக்கு ஆத்திரம் அவர்மேல் வரவில்லை, சிரித்தவர்கள்மேல் வந்தது.

"என்னத்துக்குச் சிரிக்கிய? இதுவரைக்கும் ஒங்கள்ல எவனாவது அதலைக்காய ரயிலு பாக்க வச்சிருக்கியளா? அவரு வச்சிருக்காரு," என்று கத்திவிட்டுக் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். அவர் பின்னாலேயே வந்தார். பாதி தூரம் போனதும், "தண்ணி படாம, ஆனா காத்துப் படற மாதிரி கட்டினா?" என்று மெதுவாகக் கேட்டார்.

இரண்டாவது கூடை

அடுத்த முறை இருவரும் சேர்ந்தே கட்டினோம். பனி நன்றாகக் காய்ந்த பிறகு, முற்றாத காயாக, காம்போடு கிள்ளியது நான். ஆமணக்கு இலையை உலர்த்திப் பரப்பியது நான். கண் பெரிதாக விட்டு முடைந்த கூடையைத் தேடிப் பிடித்தது அவர். பனையோலையைக் குழாயாகச் சுருட்டிக் கூடையின் நடுவில் நிறுத்தி, காற்று மேலிருந்து அடிவரை போக வழி வைத்ததும் அவர். கொழும்புக்குக் கோவா போகும் கூடைக்கு அப்படித்தான் மூங்கில் வைப்பார்களாம்.

கூடை ரயிலேறியது. சத்தம் இல்லை. நான் ஜன்னல் பக்கம் காதை வைத்துக் கேட்டேன்.

மறுநாள் முப்பிடாதி அக்கா சாயங்கால ரயிலில் இறங்கினாள். கூடையைக் கவிழ்த்துத் தலையில் தொப்பி மாதிரி போட்டுக்கொண்டு வந்தாள்.

"ஒரு காய்கூட வெடிக்கலட்டி! அங்கன இருக்க நம்ம கரிசல்காரிய மொகத்தப் பாக்கணுமே. வாழ்க்கப்பட்டு வந்த பெறவு இதத் தின்னதே இல்லன்னு ஒருத்தி அழுதுட்டா. ஒன் சித்தி மாமியா, அந்த மாட்டுக்குப் போடவான்னு கேட்டவ, அவளும் ரெண்டு கை அள்ளிக்கிட்டா. நாளைக்கும் கொண்டான்னு கடக்காரரு சொல்லிட்டாரு."

அன்றைக்கு நான் தெருவில் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மார்கழி கடைசிவரை ஒருநாள் விட்டு ஒருநாள் கூடை போனது. தென்காசி முழுக்க ‘சங்கரன்கோவில் காய்’ என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆனால் வீட்டில் ஒரு வழக்கு தீரவில்லை. அது யார் வெள்ளாமை? "எங்கையால வெளஞ்சது இல்ல மாமா அது. கெழங்கு அவ பொதச்சது," என்றார் அவர். "பாத்தி நீங்க வெட்டுனது," என்றார் அப்பா. "மழ பெஞ்சது," என்றார் அவர். நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்நாளில் அப்படி இருந்தது அந்த ஒருமுறைதான்.

பொங்கல் கழிந்தது. கொடிகள் வாடிக் காய்ந்தன. பெட்டி கட்டிலுக்கடியில் பூட்டியபடியே கிடந்தது. கெடுவுக்கு ஒன்பது நாள் இருந்தது.

பெட்டி

அன்று காலையில் வீடு பெருக்கும்போது வழக்கம்போல விளக்குமாற்றை ஓங்கிக் கட்டிலுக்கடியில் இடித்தேன். இடிபடவில்லை. குனிந்து பார்த்தேன். பெட்டி இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு சதுரம் மட்டும் இருந்தது.

விளக்குமாற்றோடு தோட்டத்துக்கு ஓடினேன். கிணற்றடி வேம்பின் கீழ் பெட்டி திறந்து கிடந்தது. அவர் அதற்குள் காய்ந்த கரிசலைக் கொட்டி, அதன்மேல் அதலைக் கிழங்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கி, மறுபடி மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தார். முக்கால் பெட்டி நிறைந்துவிட்டது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன்.

"என்னக் கொண்டுபோறது போதாதுன்னு என் கெழங்கையுமா? அந்தக் குளிருல போய்ப் பொதச்சா இது முளைக்கும்னு நெனச்சீங்களா? ஒங்க கோசு இங்கன மூடுனது மாதிரிதான் இது அங்கன காய்க்கும்! நான் வரமாட்டேன். இந்தக் கெழங்கும் வராது!"

அவர் மூடியைச் சாத்தினார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு தள்ளி நின்றார்.

"தூக்கிப் பாரு புள்ள."

"என்னத்துக்கு?"

"சும்மா தூக்கிப் பாரு."

விளக்குமாற்றைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. காலை ஊன்றி மூச்சைப் பிடித்து மறுபடி இழுத்தேன். நான் தான் பின்னால் சாய்ந்தேன்.

"இத எவன் கப்பல்ல ஏத்துவான்?" என்றார். "அடுத்த புரட்டாசிக்கு எட்டுப் பாத்தி போடணும். அதுவரைக்கும் எலி கடிக்காம இருக்கட்டும்னு வச்சேன்."

கீழே கிடந்த விளக்குமாற்றை எடுத்துக்கொண்டேன். பிறகு கேட்டேன்.

"எங்கையால வெளையலன்னு சொன்னீங்களே?"

"ஒரு கோவா மூடுச்சுல்ல? அதுவும் எங்கையால வெளஞ்சது இல்ல," என்றார். "மத்தியானம் ஈரச்சாக்கு போத்துனது யாருன்னு எனக்குத் தெரியாதா? நான் என்னைக்குப் பகல்ல தூங்கிருக்கேன்?"

மஞ்சள் உறை எங்கே என்று கேட்டேன். பெட்டியைக் காட்டினார். அடியில் தகரம் துருப்பிடித்து ஓட்டையாக இருந்ததாம். மண் சிந்தாமலிருக்க அந்த அனுமதிக் காகிதத்தை உறையோடு விரித்து, அதன்மேல்தான் கரிசலைக் கொட்டியிருக்கிறார்.